ஊசி எங்கே நிற்கிறது? (வாகனம்: வாசகர் கேள்வி பதில்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எரிபொருள் செலவு பற்றியவை. டாஷ்போர்டில் தனியாக ஒரு மீற்றர் பூட்டினால் பெற்றோல் மிச்சம் பிடிக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கல்லடியில் 28 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். என் சொந்தக் காரிலேயே அப்படி ஒரு மீற்றர் இருக்கிறது. அதனால் இம்முறை முழு இடத்தையும் இதற்கே ஒதுக்குகிறேன். கிளச், பெயின்ட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் மட்டக்களப்பு நகரில் படிப்பிக்கிறேன். தினமும் போய்வர 60 கிலோமீற்றர் வரை ஓட வேண்டும். வண்டி 1996 நிசான் சனி, எஃப்.பி. 14. லீற்றருக்கு 10 கூட ஓடுதில்லை. 'வெக்யூம் கேஜ்' பூட்டுவோம் என்று மகன் நிற்கிறான். காசைக் கரியாக்காதே என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், நான் மகன் பக்கம். ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டு வாங்குங்கள்: கேஜ் காட்டும், அவ்வளவுதான். மிச்சம் பிடிக்க வேண்டியது உங்கள் வலது கால்.

அக்சிலேட்டரை மிதித்தால் பெற்றோல் குழாய் திறக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திறப்பது காற்றின் கதவு. வருகிற காற்றுக்கு ஏற்ற பெற்றோலை கார்புரேட்டரோ இன்ஜெக்டரோ கொடுக்கும். கதவு மூடியிருக்கும்போது பிஸ்டன் காற்றை உறிஞ்சப் பார்க்கும், போதிய காற்று வராது, கதவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள மனிபோல்டு என்ற குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். இளநீர் குடிக்கிற ஸ்ட்ரோவின் அடியை விரலால் பொத்திக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் உள்ளே இழுபடும். விரலை எடுத்தால் இழுவை போய்விடும். வெக்யூம் கேஜ் அளப்பது அந்த இழுவையைத்தான். கால் லேசாக இருந்தால் ஊசி மேலே நிற்கும். மிதித்தால் விழும். முழுக்க மிதித்தால் பூச்சியத்துக்கே வந்துவிடும்.

நல்ல எஞ்சின் ஐட்லில், அதாவது மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது, 17 முதல் 21 அங்குலம் வரை (பாதரச மட்டக் கணக்கில்) காட்டும், ஊசியும் அசையாமல் நிற்கும். நம் பக்கம் கடல்மட்டத்தில் இருப்பதால் இந்த அளவு அப்படியே பொருந்தும். அதே காரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஒரு பழுதும் இல்லாமலே 6 அங்குலம் அளவில் குறைத்துக் காட்டும். சில ஜப்பான் கேஜ்களில் அங்குலத்துக்குப் பதில் சென்ரிமீற்றர் இருக்கும். அதில் 50 என்றால் நம் கணக்கில் 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

எனக்கு இந்தக் கேஜைப் பழக்கியவர் நான் தொழில் படித்த கராஜின் பெரிய பாஸ். அவரிடம் ஒரு தகரப் பெட்டிக்குள் பழைய வெக்யூம் கேஜ் ஒன்று, துணியில் சுற்றி இருக்கும். எந்தக் கார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொழுவுவார். நாங்கள் பெடியன்கள் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "பொறு மனே, முதல்ல ஊசி என்ன சொல்லுது எண்டு கேளு" என்பார். ஐட்லில் ஊசி அசையாமல் 14, 15 என்று தாழ்ந்து நின்றால், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பிந்தியிருக்கும், அல்லது எங்கோ காற்றுக் கசியும். தாளம் தப்பாமல் டிக், டிக் என்று விழுந்து எழும்பினால் ஒரு வால்வு கருகியிருக்கும். எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது ஊசி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சர் பக்கம் அடைப்பு. அவர் மௌத்தான பிறகு அவருடைய மகன் அந்தப் பெட்டியை எனக்குத் தந்தார். 2022 வரை அது அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது.

2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். காசு இருந்தும் பெற்றோல் இல்லை. பிறகு பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். என்னுடையது டொயோட்டா கே.இ. 70, கார்புரேட்டர் வண்டி. லீற்றருக்கு 11.4 ஓடியது, ஆக கிழமைக்கு 228 கிலோமீற்றர். அந்த நேரம் என் மனைவிக்கு வாரம் இரண்டு தடவை கல்முனைக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. போய்வர 80, இரண்டு தடவைக்கு 160. மிச்சம் 68 கிலோமீற்றரில் வீட்டையும் தொழிலையும் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் தகரப் பெட்டியை இறக்கினேன்.

கேஜைக் கொழுவியதும் ஐட்லில் 18, சுத்தம். ஆனால் ரோட்டில் எதிர்பார்த்ததைவிட ஊசி தாழ்வாகவே இருந்தது. ஒவ்வொரு ஹோஸாகத் தடவிக்கொண்டு போனேன். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ் வெளிப்பார்வைக்குக் கறுப்பாக, புதிது போலத்தான் இருந்தது. விரலில் வைத்து வளைத்தேன். வளைந்த இடத்தில் காய்ந்த குளத்துத் தரை போல வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. சீராக ஓடும்போது டைமிங்கை முன்னுக்குத் தள்ளுகிற ஹோஸ் அது. எத்தனை மாதம் அப்படியே ஓடினேனோ தெரியாது. ஒரு முழ ஹோஸ் மாற்றினேன். இரண்டு மாதத்தில், கொப்பியில் எழுதிவந்த கணக்கு லீற்றருக்கு 13.2க்கு வந்தது. அந்த ஏற்றத்தில் பாதி ஹோஸ், பாதி என் கால் என்று நினைக்கிறேன்.

காலைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன், உங்கள் ரோடும் அதேதான். ஆரையம்பதி தாண்டி நேர் ரோட்டில் நாலாம் கியரில் 50இல் போனால் என் காரில் ஊசி 15இல் நிற்கும். 70இல் போனால் 11. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்த்தேன். களுவாஞ்சிகுடி வரையான தூரத்தில், சந்திகளிலும் கடவைகளிலும் நின்று போகும்போது, நாலைந்து நிமிடத்துக்கு மேல் வரவில்லை. காத்தான்குடிக்குள் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போகும்போது இன்னொன்று தெரிந்தது. முன்னால் போகிற ஓட்டோவின் பிரேக் விளக்கு எரிகிற வரைக்கும் நான் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மிதித்தெடுத்த வேகம் முழுவதையும் அடுத்த நொடி பிரேக்கில் கரைத்திருக்கிறேன். ஊசி விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கால் தன்பாட்டில் முந்தி எழும்பப் பழகியது. எடுப்பு எடுக்கும்போதும் 8, 10க்குக் கீழே விடுவதில்லை. அதற்குக் கீழே போனால் பல கார்புரேட்டர்களில் மேலதிக பெற்றோல் வழி திறந்துவிடும். இன்ஜெக்டர் வண்டியிலும் முழு மிதியில் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டித்தான் கொடுக்கும்.

மகனிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள், பலர் பிழை விடுகிற இடம் இது. ஊசி மேலே நிற்பதற்காகக் கியரைக் குறைத்து ஓடக்கூடாது. 50இல் மூன்றாம் கியரில் போனால் ஊசி நாலாம் கியரைவிட மேலே நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எஞ்சின் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு உண்டு, பாதி மூடிய கதவுக்கு எதிராகக் காற்றை இழுக்கிற பாடும் உண்டு. பெற்றோல் கூடத்தான் போகும். ஒரே கியருக்குள் ஊசியை ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் திணறாத அளவில் மேல் கியருக்கு மாறிவிடுங்கள். மாறியதும் ஊசி கொஞ்சம் இறங்கும், அதற்குப் பயப்படாதீர்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை: காற்றுக் கதவுக்குக் கீழே, மனிபோல்டில் இருந்து நேரே வரும் மெல்லிய ஹோஸில் ஒரு 'ரீ' (T) வடிவத் துண்டு போட்டு எடுக்க வேண்டும். பிரேக் மிதிக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டரின் ஹோஸை எவர் சொன்னாலும் வெட்ட விடாதீர்கள். பெற்றோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸில் சிலர் எடுப்பார்கள். அதன் சவ்வு ஒருநாள் கிழிந்தால் பெற்றோல் உங்கள் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டுக்குள் வரும். வேறு இடம் இருக்கும்போது அது வேண்டாம். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே ஹோஸ் வரும் துளைக்கு இறப்பர் வளையம் போட்டால்தான் தகரம் வெட்டாது. பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணும்போது ஐட்லில் பூச்சியம் காட்டி, மிதித்தால் ஏறினால், கதவுக்கு மேலே உள்ள துளையில் கொழுவியிருக்கிறார்கள், மாற்றச் சொல்லுங்கள். ஊசி நடுங்கினால் ஹோஸுக்குள் சிறு துளையுள்ள அடைப்பான் ஒன்று போட்டால் அடங்கும்.

உங்கள் வண்டி 10க்குக் கீழே ஓடுவது காலின் குற்றமாக மட்டும் எனக்குப் படவில்லை. களுவாஞ்சிகுடி ரோட்டில் அந்த எஞ்சின் அதைவிட நன்றாகவே ஓட வேண்டும். அதனால் கேஜ் பூட்டிய அன்றே ஐட்லில் ஊசியைப் பார்த்து, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பூட்டுவதற்கு முன் மூன்று தாங்கிக்காவது கணக்கு எழுதுங்கள். ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், தானாக நிற்கும் வரை அடித்து, அதற்கு மேல் ஒரு துளியும் விடாமல். கிலோமீற்றர் மீற்றரையும் நம்பிவிடாதீர்கள். ஏ4 வீதியின் கிலோமீற்றர் கற்களில் 20ஐ எண்ணிக்கொண்டு ஓடிப் பாருங்கள், உங்கள் மீற்றர் 21 காட்டினால் அந்தப் பிழையைக் கணக்கில் கழிக்க வேண்டும். முன்கணக்கு இல்லாமல் கேஜ் பூட்டினால் மிச்சம் வந்ததா இல்லையா என்று நீங்களும் கணவரும் கடைசி வரை வாதாடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: டொல்பின் வான் ஓடுறன். கூலி ஓட்டம். டீசலுக்கும் இந்தக் கேஜ் சரிவருமா?
– ஒரு சாரதி, கல்முனை

பதில்: சரிவராது தம்பி, வாங்காதீங்க. டீசல் எஞ்சினின் வேகத்தைக் காற்றுக் கதவு கட்டுப்படுத்துவதில்லை. காற்று எப்போதும் தாராளமாக வரும், டீசலின் அளவுதான் கூடிக் குறையும். ஆகவே மனிபோல்டில் அளக்கிற அளவுக்கு வெற்றிடம் இராது. உங்கள் வானில் பிரேக்குக்கு வெற்றிடம் தருவதற்கென்றே அல்டர்னேட்டரோடு தனிப் பம்ப் இருக்கிறதே, காரணம் அதுதான். டேர்போ உள்ள வண்டியென்றால் பூஸ்ட் கேஜும் புகைச்சூட்டுக் கேஜும் பிரயோசனம். உங்களுக்கு எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றரும் பக்கக் கண்ணாடியும் போதும். கண்ணாடியில் கறுப்புப் புகை தெரிந்தால் எரியாத டீசல் வெளியே போகிறது. எயார் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள், அதன் பிறகு டீசலைத் தெளிக்கும் நொசில்களைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

கேள்வி: பாஸ், என்ட சுசுகி வேகன் ஆர்ல கார் கம்பியூட்டரை வாசிக்கிற புளூடூத் ஓ.பி.டி. அடப்டர் ஒண்டு போட்டு போன்ல பாக்கிறன். லீற்றருக்கு 24 காட்டுது. செட்ல அடிச்சுப் பாத்தா 20தான் வருது. பம்ப்ல ஏமாத்துறாங்களா?
– ஓர் இளைஞர், ஏறாவூர்

பதில்: அவசரப்பட்டு செட்காரரோடு சண்டைக்குப் போகாதீங்க தம்பி. உங்கள் காரில் எஞ்சினுக்குப் போகும் பெற்றோலை அளக்கிற கருவி எதுவும் இல்லை. போனில் வருவது கணக்கு. உள்ளே போகும் காற்றின் எடையை எடுத்து, 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்று பிரித்து, அதை லீற்றராக்கி, வேகத்தோடு சேர்த்துச் சொல்கிறது. காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சர் இல்லாத வண்டியில் இன்னும் ஒரு படி தள்ளி, மனிபோல்ட் அழுத்தம், எஞ்சின் சுற்று, காற்றின் சூடு, எஞ்சினின் கொள்ளளவு ஆகியவற்றை வைத்து ஊகிக்கிறது. அந்தக் கொள்ளளவை நீங்கள்தான் போனில் கொடுக்க வேண்டும். உங்கள் கார் 660 சி.சி. செட்டிங்கில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அது சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால் திருத்தக் காரணி என்று ஓர் இடம் இருக்கும். 480 கிலோமீற்றர் ஓடியிருக்கிறீர்கள் என்று வைப்போம். போன் கணக்கில் 20 லீற்றர், பம்பில் 24 லீற்றர். 24ஐ 20ஆல் பிரித்தால் 1.2, அதைப் போடுங்கள். அடுத்த இரண்டு தாங்கிக்கும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். அதன் பிறகு போன் சொல்வது பெரும்பாலும் ஒத்துவரும்.

அடப்டர் சொருகுகிற 16 முள் சொக்கட் இருக்கிற எல்லா வண்டியும் எல்லாத் தரவையும் தரும் என்றும் இல்லை. அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு ஓ.பி.டி. 2 என்கிற பொது முறை கட்டாயமானது 1996இல். நம் ஊருக்கு வரும் ஜப்பான் உள்நாட்டு வண்டிகள் பலவற்றில் சொக்கட் ஒரே உருவம், உள்ளே பேசும் மொழி வேறு. மேலே கேட்ட டீச்சரின் எஃப்.பி. 14இல் நிசானுக்கே உரிய 14 முள் சொக்கட், அதனால்தான் அவருக்கு இதைச் சொல்லவில்லை.

கிலோமீற்றர் கணக்கைவிட இந்த அடப்டரில் எனக்குப் பிடித்தது இரண்டு எண்கள். ஒன்று தண்ணீர்ச் சூடு, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். மற்றது நீண்டகாலப் பெற்றோல் திருத்தம். கம்பியூட்டர் தன் கணக்குக்கு மேலே எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதை அது காட்டும். 5க்குள் இருந்தால் நிம்மதி. கூட்டல் 15 என்று நின்றால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது, அல்லது பெற்றோல் பம்ப் களைத்துவிட்டது. கழித்தல் பக்கம் அவ்வளவு போனால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் விளக்கு எரிவதற்குப் பல வாரம் முன்பே இந்த எண் சொல்லிவிடும். இந்த எண்ணை மட்டும் வைத்து, ஏர் பில்டர் பெட்டிக்குப் பின்னால் கழன்றிருந்த ஒரு பைப்பை நான் கண்டுபிடித்த வண்டிகள் மூன்று உண்டு.

வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பதென்றால் அடப்டரைக் கழற்றி வையுங்கள், பற்றரியை மெல்லக் குடிக்கும். ஓடும்போது போனைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் நின்ற பிறகு பாருங்கள்.

கேள்வி: எங்கட விட்ஸ் சூடாகுது எண்டு கராஜில் காட்டினோம். ஏதோ ஒரு சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிச் சூடாகாது என்றார்கள். உண்மைதான், சூடாகுதில்லை. ஆனால் காலையில் வெளிக்கிட்டால் நீல விளக்கு திருக்கோவில் தாண்டும் வரைக்கும் எரியுது. பெற்றோலும் கூடுதலாகப் போகுது.
– ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: கழற்றியது தேர்மோஸ்டாட், அம்மா. எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கிற வால்வு அது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. தொண்ணூறுகளில் நானும் எத்தனையோ வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருக்கிறேன். "நம்ம நாட்டு வெயிலுக்கு இது தேவையில்ல" என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், நாங்களும் நம்பினோம். சூட்டுக் கேஜ் ஒன்றை எண்ணோடு பூட்டிப் பார்த்த பிறகுதான் என்ன அநியாயம் செய்திருக்கிறோம் என்று விளங்கியது. தேர்மோஸ்டாட் இல்லாத ஒரு கார், மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை போகும் வரை, நல்ல வெயிலில், 65 பாகையைத் தாண்டவில்லை.

எஞ்சின் வேலை செய்ய விரும்புவது 80க்கும் 95க்கும் இடையில். அதற்குக் கீழே இருந்தால், இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் எண்ணெய் தடிப்பாக இருப்பதால் உராய்வும் கூடும். சிலிண்டர் சுவரில் எரியாத பெற்றோல் வழிந்து எண்ணெயோடு சேரும். உங்கள் நீல விளக்கு சொல்வது இதைத்தான், எஞ்சின் குளிரில் கிடக்கிறது என்று. சில எஞ்சின்களில் இன்னொரு வம்பும் உண்டு: தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்துவிடும். அப்போது மலையேறும்போது இன்னும் மோசமாகச் சூடேறும்.

புதிது வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் வீட்டிலேயே பரிசோதிக்கலாம். அதன் மேல் 82 என்பது போல ஓர் எண் அடித்திருக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியில் முட்டக்கூடாது. வெப்பமானி இருந்தால் கூடவே வையுங்கள். தண்ணீர் ஆவி விடத் தொடங்கும் வரை அது இறுக்கமாக மூடியிருக்கும். அந்த எண்ணைத் தொட்டதும் நடுவில் உள்ள பித்தளைத் தட்டு, பூ விரிகிற வேகத்தில், மெல்ல ஸ்பிரிங்கை அமர்த்திக்கொண்டு திறக்கும். ஆறவிட்டால் திரும்ப மூடும். மூடாதது பழுது.

முதலில் சூடாகியதற்கான காரணம் அப்படியே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ரேடியேட்டர் அடைப்பு, அதன் மூடி, காற்றாடி மோட்டார், தண்ணீர்ப் பம்ப்: இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு மட்டும் உள்ள கார்களுக்கு எண் காட்டுகிற தண்ணீர்ச் சூட்டுக் கேஜ் நல்ல முதலீடு. என்னிடம் கேட்டால் வெக்யூம் கேஜுக்கு முதல் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: பதுளைக்கு மரக்கறி எடுக்கப் போய்வாறன். பசறையிலிருந்து லுணுகலை, பிபிலை வரைக்கும் இறக்கத்தில் நியூற்றலில் விட்டால் பெற்றோல் மிச்சம்தானே?
– ஒரு வியாபாரி, செங்கலடி

பதில்: இல்லை, தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் வண்டி இன்ஜெக்டர் வண்டி என்றால், கியரில் போட்டபடி காலை எடுத்ததும் கம்பியூட்டர் பெற்றோலை முற்றாக வெட்டிவிடும். சில்லுகள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. உடனடிச் செலவு காட்டும் மீற்றர் இருந்தால் பூச்சியம் என்று நிற்பதைப் பார்ப்பீர்கள். நியூற்றலில் போட்டால் எஞ்சின் தன்பாட்டில் ஐட்லில் ஓட வேண்டும், அதற்குப் பெற்றோல் குடிக்கும். கார்புரேட்டர் வண்டியில் அப்படி வெட்டு இல்லை, ஆனாலும் மலை இறக்கத்தில் எஞ்சின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் எண்ணெய் கொதித்து மிதி பஞ்சு போலாகிவிடும். மரக்கறி மூடையோடு லுணுகலை வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: பெற்றோல் குழாயில் காந்தம் கட்டினால், சிகரெட் லைட்டரில் ஒரு 'சேவர்' சொருகினால் 30 வீதம் மிச்சம் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஆரையம்பதி வாசகர்

பதில்: வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் இப்படிப்பட்ட 100க்கு மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. செலவைக் கணிசமாகக் குறைத்ததாக எதையும் அது காணவில்லை. லைட்டரில் சொருகுவதை நான் ஒன்றிரண்டு உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சிறு விளக்கும் அதை மினுக்குகிற சுற்றும்தான். அந்தக் காசுக்கு நல்ல ரயர் பிரஷர் கேஜ் ஒன்று வாங்குங்கள். கிழமைக்கு ஒரு தடவை, விடியற்காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது, சாரதிக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கிரான் பக்கத்திலிருந்து மகாஓயாவுக்கு வேலைக்குப் போறன். அதே கார்தான், அதே ரோடுதான். ஆனி, ஆடியில் மட்டும் பெற்றோல் கூடப் போகுது. போன மாதம்தான் வெக்யூம் கேஜ் பூட்டினேன். போகும்போது ஊசி தாழ்ந்து, வரும்போது உயர்ந்து நிற்குது. கேஜ் பழுதா?
– ஒரு வாசகர், கிரான்

பதில்: கேஜ் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் பார்ப்பது கச்சான் காற்றை. அந்த மாதங்களில் மேற்கிலிருந்து நம் பக்கம் அடிக்கிற அந்த வறண்ட காற்றுக்கு நேர் எதிரே நீங்கள் போகிறீர்கள், வரும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நீங்கள் 60இல் போக, எதிரே 30இல் காற்று அடித்தால், காருக்கு அது 90இல் போவது போல. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. திரும்பி வரும்போது காருக்கு அது 30இல் போவது போல, எதிர்ப்பு கால்வாசி. போகும்போது இழந்த அளவுக்கு வரும்போது கிடைக்காது, அதனால்தான் மாதக் கணக்கு கூடுகிறது. அதோடு அந்த வெக்கையில் ஏ.சி.யும் முழு நேரம் ஓடும்.

செய்யக்கூடியது இரண்டு. போகும்போது வேகத்தை 50க்குக் குறையுங்கள். முடியுமானால் விடியக்காலம் 5 மணிக்கே வெளிக்கிடுங்கள், காற்று வலுக்கிறது வெயில் ஏறிய பிறகுதான். என் கொப்பியில் லீற்றர், கிலோமீற்றர், ஊசி என்று மூன்று நிரல்களுக்குப் பக்கத்தில் காற்றுக்கென்று நாலாவதாக ஒன்று கீறி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு மாதம் அப்படி எழுதி எனக்கு அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.